தண்ணீர்த் தொட்டியில் ஒரு கட்டை மீன்

கட்டை மீன் நான்காவது முறையும் இடப்பக்கமாகச் சாய்ந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

“என்னங்க, நான் குளிக்கணும்,” என்றாள் மனைவி, குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து.

“ரெண்டே நிமிஷம்.”

“இதே ரெண்டு நிமிஷத்தத்தான் அரை மணி நேரமா சொல்லிட்டிருக்கீங்க.”

கண்ணாடிக்காரர் மீனை மறுபடி நிமிர்த்தி விட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். வாரம் ஆறு நாள் பிறர் கண்ணுக்கு வில்லை தேய்ப்பார். மிச்ச நேரமெல்லாம், துணி காயப்போடும் பால்கனியில் உட்கார்ந்து மரத்தில் மீன் செதுக்குவார். அந்தப் பால்கனியில் இப்போது துணி காயப்போட இடமில்லை.

தூண்டிலில் புழுவுக்குப் பதிலாகக் கட்டுகிற மீன் அது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதைப் பார்க்கும் பெரிய மீன், ஏதோ குட்டி மீன் நீந்துகிறது என்று நம்பிக் கவ்வ வேண்டும். நம்ப வைப்பது நிறமில்லை, நடை. மர மீனின் வாய்க்குக் கீழே நாக்கு நீட்டியதுபோல ஒரு சின்னத் தகடு சொருகியிருக்கும். கண்ணாடிக்காரர் அதைப் பழைய மூக்குக்கண்ணாடி வில்லையிலிருந்து வெட்டி எடுப்பார். தூண்டில் நரம்பைக் கட்டி இழுத்தால் தண்ணீர் அந்த நாக்கில் மோதி ஒரு பக்கமாக வழியும், மீன் அந்தப் பக்கம் திரும்பும். திரும்பியதும் தண்ணீர் மறுபக்கமாக வழியும், மீன் இந்தப் பக்கம் திரும்பும். இப்படியே மாறி மாறித் திரும்புவதுதான் நீச்சல். கவிழ்ந்துவிடாமல் பிடித்து நிறுத்த வயிற்றுக்குள் ஒரு துளி ஈயம். இதில் எது ஒரு அரிசி எடை கூடினாலும் குறைந்தாலும் மீன் நீந்தாது, படுத்துக்கொள்ளும்.

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு மீன் செய்திருந்தார். ஒன்றையும் எந்த மீனும் கடித்ததில்லை.

தூண்டில்காரர்கள் சங்கத்தின் சுவரில் வரிசையாக ஆணிகள் உண்டு. தன் கையால் செய்த மர மீனை அங்கே மாட்டலாம். ஒரே ஒரு விதி: அது ஒரு மீனையாவது பிடித்திருக்க வேண்டும், அதை இன்னொரு ஆள் பார்த்திருக்க வேண்டும். போன வருடம் ஏரிக்கரையில் எல்லாருக்கும் முன்னால் கண்ணாடிக்காரரின் மீன் மல்லாந்து படுத்தது. “செத்த மீனா செஞ்சிருக்காரு, அச்சு அசலா இருக்கு” என்று ஒருவர் சொன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. நாளைக் காலையில் மறுபடியும் ஏரிக்கரை.

“உங்க மீனுல ஒரு குறையும் இல்லீங்க,” என்றாள் மனைவி கதவுக்கு அந்தப் பக்கம். “ரொம்ப அழகா இருக்கு. மத்த மீனெல்லாம் வந்து பாத்து ரசிச்சிட்டுப் போயிடுது.”

“கிண்டல் பண்ணாத.”

“மீன் பிடிக்கணும்னா மொதல்ல மீனுக்குப் பிடிக்கணும். எனக்குப் பிடிச்சு என்ன ஆகப்போகுது?”

அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இடது செவுளில் சிவப்பு ஒரு பூச்சு அதிகம். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். இப்போது மீன் வலப்பக்கம் சாய்ந்தது. மூக்கிலிருக்கும் கம்பி வளையத்தைக் குறடால் ஒரு மயிரிழை வளைத்தார். வட்டமடிக்க ஆரம்பித்தது. வயிற்றில் கொஞ்சம் ஈயம் சேர்த்தார். நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில், சேர்த்த ஈயத்தில் பாதியைத் துளை போட்டு எடுத்து, துளையை மனைவியின் நகப்பூச்சால் அடைத்தார்.

மீன் நிமிர்ந்து நின்றது.

ஆனால் இழுத்துப் பார்க்க இடமில்லை. குளிக்கும் தொட்டியில் மூன்று சாண் போவதற்குள் சுவர் வந்துவிட்டது. நடை பிடிபடவே நான்கு சாண் வேண்டும்.

கண்ணாடிக்காரர் அண்ணாந்து பார்த்தார். மேலே விட்டம், விட்டத்துக்கு மேலே மொட்டை மாடி, மொட்டை மாடியில், நான்கு மாடிக் கட்டடம் முழுக்கத் தண்ணீர் கொடுக்கும் பன்னிரண்டு அடி நீள சிமெண்டுத் தொட்டி.

அதன் சாவி முதல் மாடியில், குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி அம்மாவிடம் இருந்தது. கட்டடத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு செருப்புக்கூட வாசல் மாறாது.

“சாவி எதுக்கு?” என்றார் அவர்.

கண்ணாடிக்காரர் பொய்யைத் தயார் செய்துதான் வந்திருந்தார். “தண்ணியில லேசா வாடை வருது. மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

“என்ன வாடை?”

இதைத் தயார் செய்யவில்லை. காலையிலிருந்து தலைக்குள் ஒரே ஒரு பொருள்தான் ஓடிக்கொண்டிருந்தது. “மீன் வாடை,” என்றார்.

செக்ரட்டரி அம்மா முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “அதெல்லாம் வராதே,” என்றார். பிறகு, “எட்டிப் பாத்துட்டு உடனே மூடிடுங்க. உள்ள கைய விடாதீங்க,” என்று சாவியைக் கொடுத்தார். எவ்வளவு அக்கறை என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

மூடியைத் தூக்கினால் உள்ளே கும்மிருட்டு. தூண்டில் கம்பை நீட்டி, கோடியில் மீனை இறக்கினார். மீனின் வயிற்றில் தொங்கும் தூண்டில் முட்களைக் கழற்றவில்லை. முட்களின் எடையும் சேர்ந்துதான் கணக்கு. அவற்றைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது, செருப்பில்லாமல் செருப்பு அளவு பார்ப்பது மாதிரி. மெதுவாக நரம்பைச் சுற்றினார். வெளிச்சம் விழுந்த கட்டத்துக்குள் மீன் நுழைந்தது.

நீந்தியது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், முதுகு நிமிர்ந்து, யாரோ கூப்பிட்டுப் போகிற அவசரத்தில் நீந்தியது. கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். காட்ட ஒரு காக்கைதான் இருந்தது. அதற்குக் காட்டினார்.

இரண்டாவது முறையும் விட்டார். மூன்றாவது முறை, இருட்டுக்குள் பாதி தூரம் வந்ததும் நரம்பு வெடுக்கென்று இறுகியது. இழுத்தார். நரம்பும் இழுத்தது. மிதவைப் பந்தில் மாட்டிக்கொண்டது, பந்து ஏறி இறங்கும்போது இப்படித்தான் இழுக்கும் என்று தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார். இன்னும் பலமாக இழுத்தார். பட்டென்று அறுந்தது.

அந்தப் பந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொட்டிக்குள் வரும் குழாயின் வாயில் ஒரு அடைப்பான்; அதிலிருந்து நீளும் கம்பியின் நுனியில் பந்து. தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும், அடைப்பான் திறக்கும். நிரம்பினால் பந்து ஏறும், அடைப்பான் மூடும். காவல்காரர் தேவையில்லாத வேலை. ஆனால் அறுந்த நரம்பு அந்தக் கம்பியைக் குழாயோடு சேர்த்துச் சுற்றி மேலேயே கட்டிவிட்டது. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. தொட்டி நிறைந்திருக்கிறது என்று பந்து சாதித்துக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் குளியலறையிலிருந்து குரல் வந்தது. “என்னங்க, தண்ணி நின்னுடுச்சு. தலையில நுரையோட நிக்கிறேன்.”

“இதோ வந்துடுச்சு,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் மறுபடி மேலே ஓடினார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். முட்கள் இரும்பு, காந்தம் இழுக்கும், மீன் வந்துவிடும். ஆனால் தொட்டிக்குள் ஓர் இரும்பு ஏணி இருந்தது. காந்தத்துக்கு முட்களைவிட ஏணியை மிகவும் பிடித்துவிட்டது. காந்தத்தையும் விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

இதற்குள் நான்கு மாடிக்கும் தண்ணீர் நின்றிருந்தது. மாடிப்படியில் வாளிகளோடு ஒரு கூட்டம். “பிளம்பரக் கூப்பிடலாம்,” என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

“வேணாம்,” என்றார் கண்ணாடிக்காரர்.

“வேணாம்,” என்றார் செக்ரட்டரி அம்மா, அதே நொடியில்.

இருவரும் ஒருவரையொருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

“தானா சரியாயிடும்,” என்றார் செக்ரட்டரி அம்மா.

“நான் கூப்பிட்டாச்சு,” என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. தலையில் துண்டு, காதோரம் காய்ந்த நுரை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காத்திருந்து பார்ப்போம் என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. “பத்து நிமிஷத்துல வந்துடுவாரு.”

பிளம்பர் வந்தார். மொட்டை மாடியில் கட்டடமே கூடியிருந்தது. அவர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, வாளியோடு தொட்டிக்குள் இறங்கினார். உள்ளே கொஞ்ச நேரம் சளக் சளக் என்று சத்தம். பிறகு குழாய் சீறியது. தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

“பந்த யாரோ நரம்பு போட்டுக் கட்டியிருக்காங்க,” என்றது தொட்டிக்குள்ளிருந்து குரல். “அப்புறம் மேடம், உள்ள ஒரு மீன் இருக்கு.”

“மீனா?” இரண்டாம் மாடிக்காரர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். “காலையிலகூட ரெண்டு சொம்பு குடிச்சேனே.”

“மீனெல்லாம் இருக்காது,” என்றார் செக்ரட்டரி அம்மா அவசரமாக. “ஏதாவது கட்டையா இருக்கும். சரியாப் பாருங்க.”

“கட்டையும் மீனும் தெரியாதா மேடம் எனக்கு? கண்ணு, செவுளு, செதிலு எல்லாம் பளபளன்னு தெரியுது. அசல் மீனு.”

கண்ணாடிக்காரரின் நெஞ்சுக்குள் ஏதோ பூத்தது.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். யார் மேலும் பழி விழுந்திருக்காது. அது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு மனிதர், கையெட்டும் தூரத்தில், டார்ச் அடித்துப் பார்த்து, சத்தியம் செய்யாத குறையாக மீன் என்கிறார். மூன்று வருடமாக எந்த மனிதரும் சொல்லாதது. எந்த மீனும் நம்பாதது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை வந்தது, அவர் வரவில்லை.

“யாரும் பயப்படாதீங்க,” என்றார். “அது மீன் இல்ல. மரம். நான் செஞ்சது.”

“சார், அது வந்து...” என்றது தொட்டி.

“இருப்பா, சொல்லிடறேன். பழைய நாற்காலிக் கால்ல செதுக்கினது. அந்தச் செதிலு எப்படி வந்துச்சு தெரியுமா? கொசுவலைத் துணிய இழுத்துப் போர்த்தி, மேல வெள்ளிப் பூச்சு தெளிக்கணும். துணிய எடுத்தா ஓட்டை விழுந்த எடமெல்லாம் செதிலு. செவுளு செவப்பு இவளோட நகப்பூச்சு.”

“காணாமப் போன புது பாட்டிலா அது?” என்றாள் மனைவி.

“மேல ஆறு கோட்டு வார்னிஷ். சும்மா தொங்கவிட்டா வார்னிஷ் வழிஞ்சு வால்ல கட்டிக்கும். அதனால காயற வரைக்கும் திருப்பிக்கிட்டே இருக்கணும். மேசை ஃபேன் தலைய ஆட்டுதுல்ல, அந்தப் பல்சக்கரத்த எடுத்து, அதுல மாட்டிச் சுத்தவிட்டேன்.”

“ஓ, ஃபேன் ரிப்பேர்னு சொன்னது அதான்.”

“சார், நான் சொல்றத...” என்றது தொட்டி மறுபடியும்.

“முடிச்சிட்டேன்ப்பா. நீ மீனுன்னு நெனச்சது தப்பில்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க.”

கூட்டம் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. செக்ரட்டரி அம்மாதான் முதலில் கை தட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை. “நான் அப்பவே சொல்லல, கட்டைன்னு? என்ன ஒரு வேலைப்பாடு. இப்படி ஒருத்தர் நம்ம கட்டடத்துல இருக்கறது நமக்கெல்லாம் பெருமை.”

இரண்டாம் மாடிக்காரரும் தொண்டையை விட்டுவிட்டுத் தலையாட்டினார். “மரத்துலயா? அடேயப்பா.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாளைக்கு ஏரிக்கரையில் எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

“இந்தம்மா உங்களப் பாராட்டறாங்களா?” மனைவி காதோரம் முணுமுணுத்தாள். “எங்கயோ இடிக்குதே.”

தொட்டியின் வாயில் பிளம்பரின் தலை எழுந்தது. பிறகு கை, கையில் வாளி. வாளியைச் சுவர்மேல் வைத்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு சாண் அகலத்துக்கு ஒரு வால் எழும்பிப் படாரென்று அடித்தது. முன்வரிசை முழுக்க நனைந்து பின்னால் சாய்ந்தது.

வால் இன்னொரு முறை அடித்தது.

“கொசுப்புழுவத் தின்னட்டும்னு,” என்றார் செக்ரட்டரி அம்மா, யாரையும் பார்க்காமல், மெல்லிய குரலில், “போன வருஷம் விரல் நீளத்துல ஒண்ணே ஒண்ணு விட்டேன். இப்படி வளரும்னு யாரு கண்டா?”

மொத்தக் கூட்டமும் அவர் பக்கம் திரும்பியது. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். இரண்டாம் மாடிக்காரர் மறுபடியும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரரைப் பார்க்க ஒருவரும் இல்லை. கண்ணு, செவுளு, பளபளக்கிற செதிலு: அத்தனையும் நிஜ மீனுக்குச் சொன்னது. நடுவில் புகுந்து, ஊரார் எதிரில், அதை நான்தான் செய்தேன் என்று நகப்பூச்சு முதல் ஃபேன் வரை விளக்கியிருக்கிறார். செத்த மீன் செய்தவர் என்ற பெயரே தேவலை. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை இழுக்கவில்லை.

“விடுங்க,” என்றாள். “எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவர் வாளிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, பிளம்பருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். “தம்பி, என்னோடது உள்ள கெடக்கும். சுண்டுவிரல் நீளம்தான். கட்டை. இருந்தா எடுத்துக் குடுத்துடு, நான் போயிடறேன்.”

பிளம்பர் முகத்திலிருந்த தண்ணீரை வழித்து விட்டார்.

“அததான சார் அப்பலேருந்து சொல்ல வர்றேன், விட்டாத்தானே? உங்க கட்டைய நானும் புடுங்கிப் பாத்துட்டேன். இந்த மீனு வாயில கவ்விக்கிட்டு விடவே மாட்டேங்குது.”