வெயிலில் பெய்த நாற்பத்தேழு மீட்டர் மழை

மலைவானிலைப் பதிவு நிலையம், அரியூர் நாடு. இதுதானுங்க எங்க ஆபீஸ். நாலஞ்சு ஊரு சேந்தா எங்க மலையில அது ஒரு நாடு. மொட்டை மாடியில ஒரு மழைமானி, அதுல இருந்து கீழ வர்ற ஒரு வயரு, வயரு வந்து சேர்ற கம்ப்யூட்டர், அதுக்கு முன்னால பிரிசில்லா மேடம், மேடத்துக்கு டீ வாங்கியார நான். பேரு ராஜாமணி, அலுவலக உதவியாளர். கொல்லிமலையில மழை பெய்யுதா இல்லையான்னு அரசாங்கத்துக்குச் சொல்றது நாங்க ரெண்டு பேருந்தான்.

மழை நூறு மில்லிமீட்டரைத் தாண்டினா கம்ப்யூட்டரு யாரையும் கேக்காது. காரவள்ளி செக்போஸ்ட்டுக்கும் முள்ளுக்குறிச்சி செக்போஸ்ட்டுக்கும் அதுவே செய்தி அனுப்பிரும். கேட்டு இறங்கிரும். எழுபது கொண்டை ஊசி வளைவுலயும் பஸ்ஸு, லாரி ஒண்ணும் ஓடாது. மண்ணு சரிஞ்சு விழுகிற மலையில நல்ல ஏற்பாடுதான், அதைக் குத்தம் சொல்லப்படாது.

போன மாசிமாசம் தலைமை அலுவலகத்துல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. "அனைத்துக் கணினிகளும் புதிய இயங்குதளத்திற்கு மாற்றப்பட்டு, பழைய வன்தட்டுகள் அழிக்கப்பட்டு, அழித்தமைக்கான சான்று உடன் அனுப்பப்பட வேண்டும்." உத்தரவோடயே ஓம்பிரகாஷ்னு ஒரு இன்ஜினியரும் வந்து இறங்கிட்டாரு.

பிரிசில்லா மேடத்துக்குத் திசையன்விளைப் பக்கம். வேலைக்கு வந்து எட்டு மாசந்தான், இன்னும் நிரந்தரம் ஆகல. ஆனாலும் எந்திரிச்சு நின்னு சொன்னாங்க.

"சார், மழைமானி வயரு ஒரு பழைய கார்டுல மாட்டியிருக்கு. இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தின கார்டு. புது சிஸ்டத்துல அதுக்கு டிரைவர் கிடையாது."

டிரைவருன்னா கார்டு சொல்றதைச் சிஸ்டத்துக்குப் புரிய வைக்கிற மொழிபெயர்ப்பாளராட்டம். இது மேடம் எனக்குச் சொல்லிக் குடுத்தது.

"கார்டு இருக்குதா?"ன்னாரு ஓம்பிரகாஷ்.

"இருக்கு சார்."

"லைட்டு எரியுதா?"

"எரியுது சார்."

"அப்புறம் என்ன மேடம் உங்களுக்குப் பிரச்சினை?"

புது டிஸ்க்கைப் போட்டாரு. பழைய டிஸ்க்கைச் சுத்தியலால உடைச்சு அழிச்சாச்சுன்னு சான்றுல எங்க ரெண்டு பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னாரு. ஆபீஸ்ல சுத்தியல் இல்லீங்க. வாங்கணும்னா மூணு கடையில விலைப்புள்ளி வாங்கோணும். அதனால கையெழுத்து மொதல்ல, உடைக்கிறது அப்புறம்னு முடிவாச்சு. அவரு பஸ் ஏறினதும் மேடம் டிஸ்க்கைத் துண்டுல சுத்தி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க.

மறுநாள் காலையில பதினோரு மணிக்குப் பார்த்தா ஒரு மணி நேர மழை 655.35 மில்லிமீட்டர்! வெளியில மண்டை பொளக்கிற வெயிலு. மாடியில மொளகு காயுது.

"கார்டு பேசுறது புது சிஸ்டத்துக்குக் கேக்கல அண்ணே. ஒண்ணும் கேக்கலைன்னா தனக்குத் தெரிஞ்ச பெரிய நம்பரைப் போட்டுரும்"னாங்க மேடம். எனக்கு அது புதுசாத் தெரியல. முப்பது வருசம் பல அதிகாரிங்ககிட்ட வேலை பார்த்தவன் நான்.

ரெண்டு கேட்டும் இறங்கிருச்சு. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. பசங்க அந்த வெயில்ல மட்டையைத் தூக்கிட்டு ஓடினானுங்க.

நாமக்கல்லுல இருக்கிற துணை இயக்குநர் அர்த்தனாரி ஐயாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, இங்க வெயிலுங்க."

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"அறுநூத்தம்பத்தஞ்சுங்க."

"அப்ப வெயில்னு எதை வெச்சுச் சொல்றே?"

"சட்டை காஞ்சு கெடக்குதுங்க."

"சட்டை அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லை, ராஜாமணி. எந்திரம் ஓடாதப்பத்தான் கண்ணால பார்த்து எழுதலாம். எந்திரம் ஓடுதில்ல?"

"லைட்டு எரியுதுங்க. இன்ஜினியரையாச்சும் அனுப்பி வெய்யுங்க."

"ரோடு மூடியிருக்கே, எப்படி வருவாரு?"

"ரோட்டைத் தொறக்கச் சொல்லுங்க."

"மழை நிக்கட்டும், தொறக்கறோம்."

"மழை நிக்கோணும்னா அவரு வரோணுங்க!"

"அவசரப்படாதே. எல்லாத்துக்கும் ஒரு நடைமுறை இருக்கு."

இந்த நேரத்துலதான் ஆலத்தூர் நாட்டுப் பொன்னம்மாள் வந்து நின்னாங்க. ஒரு ஏக்கர் மரவள்ளியைப் பிடுங்கிக் குமிச்சு வெச்சிருக்காங்க. கீழ மாவு மில்லுல இருந்து வர வேண்டிய லாரி காரவள்ளி கேட்டுல நிக்குது. மரவள்ளியைப் பிடுங்கிட்டா மூணு நாளுக்குள்ள மில்லுக்குப் போயாகோணும். தப்பினா உள்ள நீலம் பாஞ்சிரும், மாட்டுக்குக்கூட ஆகாது. ஒரு வருசப் பாடு.

"ஏனுங்க, எந்த ஊட்டுல மழை பேஞ்சுதுன்னு கேட்டைப் போட்டீங்க? நீங்க ஆபீஸ்ல உக்காந்து மழை பெய்ய வெப்பீங்க, நாங்க காட்டுல உக்காந்து அழுவோணுமா?"

மேடம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கார்டுக்கான டிரைவரு பழைய டிஸ்க்குலதான் இருக்குது, அதைப் போட்டா ஒரே நிமிசத்துல சரியாயிரும். ஆனா அழிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்ட டிஸ்க்கு. அது ஓடினா மேடத்து வேலை ஓடிரும்.

ரெண்டாம் நாள் நிவாரண லாரி ஏறி வந்துச்சு. கேட்டு மூடியிருந்தாலும் நிவாரண வண்டிக்கு விதிவிலக்கு உண்டு. அரிசி, தார்ப்பாய், கொசுவத்தி. ஊரே வரிசையில நின்னுச்சு. தார்ப்பாயைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, வெயிலுக்கு.

"திரும்பிப் போறப்ப என் கெழங்கை ஏத்திட்டுப் போங்க சாமி"ன்னு பொன்னம்மாள் கெஞ்சினாங்க.

"நிவாரண வண்டி காலியாத்தான் திரும்போணும். விதி"ன்னாரு டிரைவரு.

நான் மறுபடி நாமக்கல்லுக்குப் போன் பண்ணேன். "இன்ஜினியரை அந்த லாரியிலயே ஏத்தி அனுப்பியிருக்கலாமுங்களே?"

போன்ல ஐயா காகிதத்தைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொன்னாரு: "ஓம்பிரகாஷ் நிவாரணப் பொருள் பட்டியல்ல இல்லை."

மூணாம் நாள், மணிக்கு அறுநூத்தம்பத்தஞ்சு வீதம் மூணு நாளைக்கும் சேத்துக் கணக்குப் போட்டா நாப்பத்தேழு மீட்டர் மழை. பதினஞ்சு மாடிக் கட்டடம் முழுகிற தண்ணி. இவ்வளவு பெருமழையிலயும் ஒரு உயிர்கூடப் போகாம காத்ததுக்கு எங்க நிலையத்தைப் பாராட்டி ஒரு கடிதம் வந்துச்சு. அதை நான்தான் சுவத்துல ஒட்டினேன். பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் பொன்னம்மாள் மறுபடி வந்தாங்க. இந்தத் தடவை சத்தம் போடல. வாசப்படியில உக்காந்து முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. மேடம் அதையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் விருட்டுன்னு எந்திரிச்சு பீரோவைத் தொறந்தாங்க.

"போனா வேலைதானே போவும். போட்டும் அண்ணே!"

டிஸ்க்கை மாட்டினாங்க. மழை: 0.00. நான் கையைத் தட்டிட்டேன். எட்டு மாசத்துல மேடம் வாய் விட்டுச் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

ஆனா மழை நின்னதும் கேட்டைத் தூக்க மாட்டாங்க. இருபத்துநாலு மணி நேரம் மழையில்லைன்னு பதிவாகோணும். கேட்டு தொறக்கறதுக்குள்ள நாலாம் நாள் பொழுது சாஞ்சிருச்சு. அஞ்சாம் நாள் காலையில பொன்னம்மாள் வந்து ஒரு கெழங்கை மேஜை மேல வெச்சு ஒடிச்சாங்க. உள்ள முழுக்க நீலம்.

மேடம் அழுதுட்டாங்க. "அம்மா, மன்னிச்சிருங்க. மொத நாளே போட்டிருக்கணும்."

"அழுவாத கண்ணு. நானும் நிவாரண ஆபீசர்கிட்டப் போய்க் கேட்டுட்டுத்தான் வாரேன். மழையில அழுகின பயிருக்குத்தான் நிவாரணமாம். வெயில்ல கெட்டதுக்கு விதியே இல்லையாம். மனு குடுக்கிற அன்னைக்கு மழை பதிவாகியிருக்கோணுமாம்."

சொல்லிட்டு மேடத்துக் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அந்தப் பழசைக் கழட்டிரு சாமி. இன்னும் ஒரே ஒரு நாளு பெய்யட்டும்."

மேடம் என்னைப் பார்த்தாங்க. நான் சுவத்தைப் பார்த்தேன். டிஸ்க்கைக் கழட்டி, புதுசை மாட்டினாங்க. 655.35. கேட்டு இறங்கிருச்சு.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. அதே ஆலத்தூர் நாட்டு மாதேஸ்வரன் மூச்சு வாங்க ஓடியாந்தாரு.

"ஏனுங்க, ரோடு தொறந்தாச்சுன்னு நம்பி விடியக்காலமே ரெண்டு ஏக்கரைப் பிடுங்கிட்டேன்! லாரியைக் காரவள்ளியில மறிச்சுட்டாங்களாம். மழையாமா? இந்த வெயில்ல எங்கீங்க மழை?"

பொன்னம்மாள்தான் அவரைக் கையைப் பிடிச்சு பெஞ்சுல உக்கார வெச்சாங்க.

"வெயிலுன்னு வெளியில சொல்லீராதப்பா, ஒண்ணும் கெடைக்காது. மழைன்னு எழுதிக் குடு. உன்ற கெழங்கு அழுக இன்னும் மூணு நாளு இருக்குது, அவசரமில்லை."

மனுவை எழுதிக் குடுத்தது நான்தானுங்க. நெத்தி வேர்வை காகிதத்துல விழுந்து மை கலைஞ்சிருச்சு. வேற காகிதம் எடுக்கப் போனேன்.

பொன்னம்மாள் தடுத்துட்டாங்க. "அப்படியே இருக்கட்டும். நனைஞ்சிருந்தாத்தான் நம்புவாங்க."