கோப்பின்படி மணியக்கா

போக்குவரத்துக் கழகத்தின் சுவரொட்டிப் பிரிவில் இருப்பது ஒரே ஓர் எழுத்தர். ‘படியில் நிற்காதீர்’, ‘கையை வெளியே நீட்டாதீர்’ ஆகிய அமர வரிகள் அவர் எழுதியவை. பன்னிரண்டு வருடங்களில் உண்மைக்கு மாறாக ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. எழுதும்படி யாரும் கேட்டதுமில்லை. எனவே மணியக்காவின் ஐம்பதாம் ஆண்டு நினைவுச் சுவரொட்டி தன் மேசைக்கு வந்தபோது அவர் உள்ளூரப் பெருமைப்பட்டார்.

மணியக்கா பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர். ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தவர். இக்கரைக்காரர் பேருந்தில் ஏறினால் அக்கரைக்காரர் எழுந்து இடம் விட வேண்டும் என்பது அன்றைக்குக் கழகத்தின் பதினேழாம் விதி. ஒரு நாள் காலை மணியக்கா எழுந்திருக்கவில்லை. இறக்கிக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் வைத்தார்கள். மணி அடிக்க ஆளில்லாததால் அன்று பிள்ளைகள் சாயங்காலம்வரை முதல் பாடத்திலேயே இருந்தார்கள். மறுநாளிலிருந்து அக்கரை ஜனம் முழுவதும் பேருந்தில் ஏறாமல் பாலத்தின் மேல் நடந்தது. இருநூற்றுப் பதினோரு நாள். அதன்பிறகுதான் விதி ஒழிந்தது. எழுத்தரும் அக்கரைதான், அவருடைய அப்பாவும் நடந்தவர்களில் ஒருவர்.

பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்து, படித்து, எழுதிக் கொடுத்தார். அதிகாரி இரண்டு முறை வாசித்தார்.

“எல்லாம் சரி. ‘எதிர்த்து’ன்னு போட்டிருக்கீங்களே, யாரை எதிர்த்து?”

“நம்மளைத்தான் சார்.”

“நம்மளைன்னா? நீங்களா, நானா? நான் அப்போ பிறக்கவே இல்லை.”

‘எதிர்த்து’ எடுக்கப்பட்டது. ‘எழுந்திருக்க மாட்டேன் என்றார். அவர் வழி நம் வழி’ என்று மிச்சம் இருந்தது. அந்த வரிக்குக் கீழே, பேருந்து இருக்கையில் உட்கார்ந்த கோலத்தில் மணியக்கா. அழகாகவே இருந்தது.

“சுவரொட்டி மட்டும் போதாது. மக்கள் பங்கேற்போட கொண்டாடணும்னு மேலிடத்து உத்தரவு. அப்போ மக்கள் என்ன பண்ணாங்க?”

“நடந்தாங்க சார்.”

“பேருந்தை நிறுத்திட்டோமா?”

“இல்லை சார். ஓடிச்சு. காலியா ஓடிச்சு.”

அதிகாரி பேனாவை மூடினார். வரலாற்றை அப்படியே கண்முன் நிறுத்தும் வாய்ப்பு ஓர் அதிகாரிக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை வெளிவந்தது: ‘நினைவு நாளன்று அனைத்துப் பேருந்துகளும் வழக்கம்போல், ஆயின் பயணிகளின்றி, இயக்கப்படும். பொதுமக்கள் தாமாகவே முன்வந்து நடந்து செல்வார்கள். தாமாக முன்வராதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். பாலத்தில் செல்வோர் அதிகாரிகளின் ஊர்வலத்தை முந்திச் செல்லலாகாது.’

எழுத்தரின் மனைவிக்கு இக்கரையில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. எட்டு மணிக்கு இஸ்திரி மேசை முன் நிற்க வேண்டும். அந்த மாதம் இரண்டு நாள் தாமதம். இரண்டு நாளும் வழியில் பேருந்து படுத்துவிட்டது. மூன்றாவது தாமதத்துக்கு வேலை கிடையாது என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

“இது உங்க வேலைதானே?” என்றாள், சுற்றறிக்கையை அடுப்படியில் நின்றபடியே படித்துவிட்டு.

“கேட்டாங்க, சொன்னேன். நடந்ததைத்தான் சொன்னேன்.”

“ஏன், பேருந்துலதான் போனாங்கன்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?”

“சீக்கிரமாக் கிளம்பி நடந்து போயிடேன்.”

“எங்க நடக்கறது? முன்னாடி உங்க ஆளுங்க பத்தடிக்கு ஒரு தடவை நின்னு போட்டோ எடுப்பாங்க. அவங்களை முந்தக் கூடாதாமே. மத்தியானம் போய்ச் சேர்ந்து யாருக்கு இஸ்திரி போடறது?”

அலுவலகத்தில் பதில் இல்லாதபோது ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதலாம். வீட்டில் அந்த வசதி கிடையாது.

நினைவு நாள் வந்தது. மணியக்கா கட்டியிருந்தது பச்சைச் சேலை என்று யாரோ சொல்லப்போக, கடைகளில் ‘மணியக்கா பச்சை’ இரண்டே நாளில் தீர்ந்திருந்தது. அவர் முகம் அச்சிட்ட பச்சைச் சட்டைகளும், நீண்ட தூரப் போராட்டத்துக்கு ஏற்ற மெத்தென்ற காலணிகளும் வந்திருந்தன. பலர் பாலம்வரை காரில் வந்து இறங்கி, நடந்தார்கள். பக்கத்தில் சுவரொட்டி ஒட்டிய காலிப் பேருந்துகள் கம்பீரமாக ஓடின. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, யாரையும் ஏற்றாமல் புறப்பட்டன.

ஏழு நாற்பதுக்கு அதிகாரியின் மேசையில் தொலைபேசி அடித்தது. எழுத்தர் கோப்போடு பக்கத்தில் நின்றிருந்தார். ஒலிபெருக்கியில் ஒரு நடத்துநரின் குரல்.

“சார், பாலத்து முனையில ஒரு அம்மா ஏறி உட்கார்ந்துட்டாங்க. எழுந்திருக்க மாட்டேங்கறாங்க.”

“காரணம்?”

“நம்ம சுவரொட்டியைக் காட்டறாங்க சார்.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது. “எழுதினவரையே கேளுங்க! அங்கதான் நிப்பாரு, கேளுங்க!”

தினமும் காலையில் எழுத்தரை எழுப்பும் குரல்தான்.

பேருந்துக்கு வெளியே பச்சைச் சட்டைக்காரர்கள் போட்ட கூச்சலும் ஒலிபெருக்கியில் கேட்டது. “இறக்குங்கய்யா! மணியக்கா எவ்வளவு கஷ்டப்பட்டாங்க, கொஞ்சமாவது மரியாதை வேணாம்?”

அதிகாரி நெற்றியைத் தடவினார். “இதுக்கு முன்னுதாரணம் இருக்கணுமே. எழுந்திருக்க மாட்டேன்னு சொன்ன பயணியை அன்னைக்கு என்ன பண்ணினோம்?”

கோப்பில் நாற்பத்தொன்றாம் பக்கம் திறந்தே இருந்தது. ‘பயணி இறக்கப்பட்டு காவலில் ஒப்படைக்கப்பட்டார்.’ எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பத்திரண்டு. அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

“வேலைக்குக் கொண்டுபோய் விட்டோம் சார். உட்கார்ந்தபடியே. நேரத்துக்கு.”

“அப்படியா?” அதிகாரியின் முகம் மலர்ந்தது. “அவ்வளவு நல்லவங்களா நாம?”

“கோப்புல இருக்கு சார்.”

“அப்படியே செய்யச் சொல்லுங்க. குறிப்பா எழுதிக் குடுங்க.”

ஒரே ஒரு பயணியுடன் பேருந்து பாலத்தில் ஏறியது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு காட்சி போலிருக்கிறது என்று ஊர்வலம் ஒதுங்கி வழிவிட்டுக் கைதட்டியது. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் இஸ்திரி மேசை முன் நின்றாள். எழுத்தர் குறிப்பு எழுதி ஒப்பமிட்டார். குறிப்பு இருக்கும்போது பழைய தாள் வீண் குழப்பம் தரும் என்று அதிகாரி நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தெடுத்துப் பத்திரமாக வைத்தார். எங்கே வைத்தார் என்பது பிறகு அவருக்கே நினைவில்லை.

“உண்மையில அந்தம்மாவை என்ன பண்ணாங்க?” என்று மனைவி சாயங்காலம் கேட்டாள்.

“இறக்கிட்டாங்க.”

“அப்போ பொய் எழுதியிருக்கீங்க.”

“ஒரே ஒரு வரி.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “போகட்டும். என் வேலை இருக்கே” என்று தேநீரை நீட்டினாள். இருவரும் குடித்தார்கள்.

அடுத்த ஆண்டுச் சுவரொட்டியில் ஓட்டுநரும் நடத்துநரும் மணியக்காவுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘அன்றே அமரவைத்து அழைத்துச் சென்றோம்’ என்று கீழே இருந்தது. நடப்பதற்குக் காரணம் இல்லாததால் ஊர்வலம் இல்லை. யாரும் குறைப்படவில்லை; அந்த ஆண்டு நாகரிகம் வேறு நிறத்துக்குப் போயிருந்தது.

குறைப்பட்டது தணிக்கைப் பிரிவு ஒன்றுதான். மணியக்காவுக்கு எந்த இடையூறும் நேரவில்லை என்று கோப்பு கூறுகிறது. அப்படியானால் பதினேழாம் விதி எக்காரணத்தால் நீக்கப்பட்டது? தக்க காரணம் சமர்ப்பிக்கப்படும்வரை அவ்விதி நடைமுறையில் இருப்பதாகக் கருதப்படும். விளக்கம் கேட்டு வந்த அந்தக் கடிதம் எழுத்தரின் மேசைக்கே வந்தது. அதற்கு ஒரே பதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமை காலை கணவனும் மனைவியும் அக்கரை நிறுத்தத்தில் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் புதுச் சுவரொட்டி. பாலம் தாண்டியதும் ஒருவர் ஏறினார். வெளுத்துப்போன பச்சைச் சட்டையில் மணியக்காவின் முகம். நடத்துநர், அதே நடத்துநர்தான், தயங்கித் தயங்கி வந்தார்.

“அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க. விதி வந்திருக்கு.”

“சீக்கிரம்மா, நிக்க முடியலை” என்றார் பச்சைச் சட்டைக்காரர்.

அவள் அசையவில்லை. “எழுந்திருக்காதவங்களை அன்னைக்கு என்ன பண்ணாங்கன்னு இவர்கிட்டயே கேளுங்க. கோப்பு பார்த்தவர்” என்று பக்கத்து இருக்கையைக் கை காட்டித் திரும்பினாள்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எழுத்தர் ஏற்கெனவே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.