ஊர்சுற்றும் அம்பு

அம்பு தானாக நகர்ந்தது. நோட்டக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். அப்போதும் நகர்ந்தது.

பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் பன்னிரண்டு வருடமாகப் பெரிய நோட்டில் நோயாளிகளின் பெயரை எழுதி எழுதியே அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. இன்று முதல் நோட்டுக்கு ஓய்வு. எல்லாம் கம்ப்யூட்டர்; வரவேற்பில் ஒன்று, டாக்டரின் உள்ளறையில் ஒன்று. காலையில் டாக்டர் ஐந்தே நிமிடத்தில் பாடத்தை முடித்துவிட்டார்.

"இது மவுஸ். திரையில தெரியற அம்பு கர்சர். மவுஸை நகர்த்தினா கர்சர் நகரும். பட்டனைத் தட்டினா அது கிளிக். ஒருத்தரோட விவரம் ஒரு ஃபைல். ஃபைலையெல்லாம் போட்டு வைக்கறது ஃபோல்டர். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

"நாம சொல்றதை மட்டும்தான் இது செய்யும். சாயங்காலத்துக்குள்ள பழகிடுங்க. வேலை கேட்டு ஒரு பொண்ணு வந்துட்டுப் போயிருக்கு."

வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான்.

இப்போதோ, அவள் மவுஸை இழுத்தால் கர்சர் மசியவில்லை. சும்மா விட்டால் ஊர்சுற்றியது. எதையெதையோ திறந்து மூடிவிட்டு, இன்றைய நோயாளிகள் ஃபோல்டர் மேல் போய் நின்றது. 'அழிக்கவா?' என்று திரை கேட்டது. அவள் பதறிப்போய் 'வேண்டாம்' பக்கம் இழுத்தாள். கர்சர் சாவகாசமாக 'ஆம்' பக்கம் நடந்துபோய்க் கிளிக் செய்தது.

ஃபோல்டர் போயே போய்விட்டது.

எப்படியாவது மீட்க வேண்டுமே! படபடவென்று நாலைந்து கிளிக் தட்டினாள். உள்ளறைக் கதவு திறந்து, கன்னத்தில் பஞ்சோடு ஒரு நோயாளி ஓடிவந்தார்.

"அக்கா, டாக்டர் கம்ப்யூட்டர்ல என் எக்ஸ்ரேயைக் காட்டிட்டிருந்தாரு. டக்குனு வேற யாரோட வாயோ வந்துடுச்சு! அதுல ரெண்டே பல்லுதான் இருக்கு. டாக்டர் படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறாரு. கையில குறடு வேற!"

"பயப்படாதீங்க தம்பி, உங்க ஃபைலை இங்கயே பாத்துடலாம்" என்றாள். ஃபைல் ஏது? மவுஸை உதறி, தட்டி, மறுபடி தட்டினாள். உள்ளே பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. "நிறுத்து! சொன்ன பேச்சைக் கேக்க மாட்டியா?" என்று டாக்டர் கத்தினார். தன்னைத்தான் சொல்கிறார் என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

டாக்டர் வெளியே வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கையில் அந்த ரெண்டு பல் வாய், முப்பது பிரதி.

"இங்க எல்லாம் ஒழுங்கா ஓடுதா?"

"ஜம்முனு ஓடுது டாக்டர். உள்ள?"

"உள்ளயும்... ஜம்முனுதான்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. "பொய் சொல்லிட்டேன் டாக்டர். ஃபோல்டரே போச்சு. இந்தக் கர்சர் எனக்கு அடங்க மாட்டேங்குது. அந்தப் பொண்ணையே வரச் சொல்லிடுங்க."

டாக்டர் கையிலிருந்த பிரதிகளை மேசையில் போட்டார். வரவேற்பறையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மாதான் நிமிர்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனப்ப ரெண்டு மேசை மவுஸையும் எடுத்துத் துடைச்சேன் டாக்டர். ஒயரே இல்லையே, எதை எங்க வச்சா என்னன்னு கைக்கு வந்தபடி வச்சிட்டேன்!"