பாப்பா விரதம்

டிபன் கேரியரைக் கடைசியாகப் பார்த்தது காரின் கூரைமேல்.

புவனேஷுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. புக்கிட் காத்தில் என்ற ஊரில், வீட்டு வாசலில், மகள் யாஷினிக்குப் பின்சீட்டில் பெல்ட் மாட்டிவிட இரண்டு கையும் வேண்டியிருந்தது. கேரியரைக் கூரைமேல் வைத்தான். பெல்ட்டை மாட்டினான். கதவைச் சாத்தினான். கிளம்பிவிட்டான். இப்போது ஜாசின் பட்டணத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தால், கூரை துடைத்துவிட்டது போலிருந்தது.

லாரி கம்பெனி ஒன்றில், எந்த வண்டி எந்தச் சாலையில் போகவேண்டும் என்று தீர்மானிப்பது அவன் வேலை. அவன் கைபட்ட சரக்கு ஜொகூரிலிருந்து பெர்லிஸ் வரை சேதாரமில்லாமல் போய்ச் சேரும். சொந்த மகளின் சாப்பாடு ஜாசினைத் தாண்டவில்லை.

"எங்கப்பா விழுந்திருக்கும்?" என்றாள் யாஷினி. ஏழு வயது. பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள்.

"எங்கயோ ரவுண்டபவுட்ல திரும்புறப்ப."

"அம்மாகிட்ட சொல்லணுமா?"

"அவசரமில்ல."

யாஷினிக்கு சீலியாக் நோய். கோதுமை ஆகாது. நேராகச் சாப்பிட்டால்தான் ஆகாது என்பதில்லை, கோதுமை மாவு ரொட்டி சானாய் போட்ட கல்லில் தோசை வார்த்துக் கொடுத்தாலே போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். போன வருஷம் டாக்டர் கண்டுபிடித்ததிலிருந்து அந்தக் குடும்பம் வெளியூர் போனதில்லை. எங்கே போனாலும் கூடவே அம்மா ராகினி, ராகினியின் கையில் கேரியர். இன்றைக்கு ராகினிக்கு ஆஸ்பத்திரி டூட்டி. போகாமலும் இருக்க முடியாது, புவனேஷின் முதலாளி பாலகிருஷ்ணன் ஜாசினில் புது வீடு கட்டிக் குடிபோகிறார்.

காலையில் ராகினி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். கேரியரில் இருப்பதைத் தவிர எதுவும் பிள்ளை வாய்க்குள் போகக்கூடாது. இந்த ஒரு தடவை நல்லபடியாகக் கூட்டிப் போய்த் திரும்பினால் பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை. இல்லாவிட்டால், இனிமேல் அப்பாவும் பெண்ணுமாகப் போவது என்ற பேச்சே கிடையாது.

யாஷினி கேமரன் மலைக்கு எடுத்துப்போக ஸ்வெட்டர்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

விருந்து வீட்டுக்குப் போகும் முன்பே பிள்ளையைப் பசியாற வைத்துவிடலாம் என்று பாசார் பக்கத்தில் ஒரு சைவக் கடைக்குள் நுழைந்தான் புவனேஷ். இட்லி அரிசியும் உளுந்தும்தானே, பயமில்லை. சாம்பாரில் பெருங்காயம் போடுவீர்களா என்று மட்டும் கேட்டான்.

கடைக்காரர் புண்பட்டுவிட்டார். "பெருங்காயம் இல்லாம சாம்பாரா? நல்ல தாராளமா போடுவோம் தம்பி."

பெருங்காயப் பொடியில் கோதுமை மாவு கலப்பார்கள் என்று புவனேஷ் விளக்கினான். பிறகு நோயின் பெயரைச் சொன்னான். பிறகு குடல் எப்படி வேலை செய்கிறது என்றும் சொன்னான். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்றார். பக்கத்து மேசை ஆள் ஓமத்தண்ணி கொடுக்கச் சொன்னார். கல்லாவில் இருந்த அம்மாள், தன் கொழுந்தன் மகனுக்கும் இப்படித்தான் இருந்தது, மந்திரித்து நூல் கட்டியதும் இப்போது ரொட்டி மூன்று தின்கிறான் என்றாள்.

சரி, சாம்பார் வேண்டாம், வெறும் இட்லியே போதும் என்றான் புவனேஷ். இட்லி எடுக்க வந்த கை அப்போதுதான் பூரிக்கு மாவு பிசைந்திருந்தது. முழங்கை வரை வெள்ளை.

"வேணாண்ணே" என்று எழுந்தான்.

அந்த நேரம் மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் மாலை போட்ட ஒருவர் உள்ளே வந்தார். தைப்பூசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அவர் ஒன்றும் விளக்கவில்லை. "விரதம். பால் மட்டும்" என்றார், அவ்வளவுதான். கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். புதுச் சட்டி எடுத்தார். அதை இரண்டு தடவை கழுவினார். மூலையில் சும்மா கிடந்த தனி அடுப்பைப் பற்றவைத்தார். மாவுக் கைக்காரன் தானாகவே நாலடி தள்ளி நின்றான்.

புவனேஷ் வாசலில் நின்று பார்த்தான். குடலைப் பற்றிச் சொன்னதற்கு ஓமத்தண்ணி. விரதம் என்ற ஒரு சொல்லுக்குத் தனி அடுப்பு.

காரில் ஏறியதும் மகளிடம் சொன்னான். "யாஷி, அங்க யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் நீ ஒண்ணும் பேசாத. அப்பா பாத்துக்கறேன்."

"நான் எல்லாரோடயும் இலையில உக்காரலாமாப்பா?"

"பாக்கலாம்."

நோய் தெரிந்ததிலிருந்து அவள் ஒரு பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. எல்லா விசேஷத்திலும் ஓரமாக ஒரு நாற்காலி, மடியில் கேரியர்.

பாலகிருஷ்ணன் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி உஷாராணி படியிறங்கி ஓடிவந்து யாஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "வாடா பாப்பா, உன்னத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். முதப் பந்தியில முத இல உனக்குத்தான். இன்னிக்கு ஆண்டி உனக்கு..."

புவனேஷுக்கு வியர்த்துவிட்டது. உள்ளே பந்தலில் வடை பொரியும் வாசம். பெரிய பாத்திரத்தில் சாம்பார். பெருங்காயம் தாராளமாகத்தான் போட்டிருப்பார்கள். கோதுமை மட்டும் ஆகாது என்று சொன்னால் மறுபடி குடலில் ஆரம்பிக்கவேண்டும்.

"அக்கா, பாப்பா விரதம்" என்று குறுக்கே விழுந்தான்.

உஷாராணியின் சிரிப்பு பாதியில் நின்றது. "விரதமா? இந்த வயசுலயா?"

"தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறா. நேர்த்திக்கடன்."

"அதனால என்ன, எல்லாமே சைவந்தானே..."

சைவம் போதாது என்று புவனேஷுக்குத் தெரியும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் ஒரு கரண்டி உள்ளே வந்துவிடும். "மத்தவங்க வீட்டு அடுப்புல ஏத்தினது எதுவும் ஆகாதுக்கா. பழம், எளநீ அவ்வளவுதான்."

உஷாராணி சமையல் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகன் காரியம். நான் ஒண்ணும் சொல்லக்கூடாது."

அப்பாடா என்றிருந்தது புவனேஷுக்கு. அந்த நிம்மதி யாஷினியின் செருப்பைக் கழற்றிவிடும் வரை நீடித்தது.

உஷாராணியின் அக்கா ராமாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் காதில் ஒரு சேதி விழுந்தால் பந்தல் முழுவதற்கும் ஒலிபெருக்கி வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் என்று அவள் வாயில் அது வளர்ந்தது. யாஷினியைப் பூஜையறை வாசலில் மணைபோட்டு, அதில் மஞ்சள் துணி விரித்து உட்காரவைத்தார்கள். முதலில் ஒரு பெண் வந்து பாப்பா கையால் திருநீறு கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் வரிசை.

யாஷினிக்கு முதலில் பிடித்திருந்தது. ஆளுக்கொரு சிட்டிகை அள்ளிப் பூசினாள். பிறகு நாகமுத்து என்ற ஒரு பெரியவர் மணைமுன் குந்தி உட்கார்ந்து, ரகசியமாக, லாட்டரியில் கட்ட, பாப்பா மனதில் தோன்றுகிற நாலு நம்பர் சொல்லவேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு."

பெரியவர் யோசித்தார். "அது எல்லாரும் கட்டியிருப்பாங்களே" என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார். ஆனாலும் கையில் எழுதிக்கொண்டதை புவனேஷ் பார்த்தான்.

ஹோமம் முடிந்து குருக்கள் தட்டோடு வந்தார். தட்டில் ஆவி பறக்கும் கேசரி. விரதம் இருந்தாலும் பிரசாதம் மறுக்கக்கூடாது, பிரசாதம் உணவில் சேராது என்றார். யாஷினியின் கை தானாக நீண்டது.

ரவை என்றால் கோதுமை. புவனேஷ் தட்டுக்கும் மகளுக்கும் நடுவில் பாய்ந்தான். பிரசாதமும் ஆகாது என்றான். குருக்களுக்கு வியப்பு, இந்த நாட்டில் எந்தக் கோயிலிலும் இப்படி ஒரு விரதத்தைத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார்.

"எங்க குலதெய்வம் சொன்னது சாமி" என்றான் புவனேஷ். "கொஞ்சம் கோவக்காரரு."

குருக்கள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தூணோரம் நின்றிருந்த உஷாராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல் பந்தலுக்குள் போய்விட்டாள்.

பந்தி ஆரம்பமானது. நீயாவது சாப்பிடு என்று பாலகிருஷ்ணன் புவனேஷின் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார். காலையிலிருந்து அவனும் ஒன்றும் சாப்பிடவில்லை. இலையில் தண்ணீர் தெளித்தான். சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. பொன்னிறத்தில் இரண்டு வடை விழுந்தது.

"பச்சப்புள்ள பட்டினி கெடக்க, பெத்தவரு சாப்பிடுவாரா?" என்று வரிசையின் மறுமுனையிலிருந்து கேட்டது ராமாத்தாளின் குரல். "அவரும் விரதமாத்தான் இருப்பாரு. நீங்க கூப்பிட்டீங்கன்னு மரியாதைக்கு உக்காந்திருக்காரு."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புவனேஷ் வடையைத் தொட்டிருந்த விரலை எடுத்துக்கொண்டான். "ஆமாங்க" என்று எழுந்தான். அந்த இலையில் நாகமுத்து உட்கார்ந்தார்.

அப்பாவும் மகளும் பூஜையறை வாசலில் அடுத்தடுத்த மணையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்தார்கள். பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. சேமியாவாகத்தான் இருக்கும், அதுவும் கோதுமைதானே என்று புவனேஷ் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"அப்பா, பசிக்குது" என்றாள் யாஷினி கொஞ்சம் சத்தமாக.

சுற்றியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பசிக்குது என்று சொல்கிறதே தவிர, வேண்டும் என்று கேட்கிறதா பாருங்கள் என்று ஒரு அம்மாள் தன் பேரனை இடித்தாள். அவன் அப்போது நாலாவது வடையில் இருந்தான்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பாலகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். தைப்பூசத்தன்று கம்பெனி செலவில் வேன் பிடிக்கப்படும், ஆபீஸ் மொத்தமும் பத்துமலைக்கு வரும், நம் புவனேஷின் மகள் பால்குடம் எடுத்து முன்னால் நடப்பாள் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

புவனேஷும் கைதட்டினான். ராகினியிடம் சொல்லவேண்டியவை கூடிக்கொண்டே போயின.

ஆனால் ஒன்று. கிளம்பும்போது யாஷினிக்கு வயிற்றுவலி இல்லை, வாந்தி இல்லை. கன்னத்தில் திருநீறும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக, போனபடியே திரும்பி வந்து காரில் ஏறினாள். பெல்ட்டை மாட்டிவிட்டு, இந்த முறை கூரையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். கேமரன் மலை நிச்சயம். சாமர்த்தியசாலிதான் நாம் என்று அவனுக்குள் ஒரு சின்ன இறுமாப்பு எட்டிப்பார்த்தது.

"அப்பா, அந்த வடை எல்லாத்துலயும் கோதும இருந்துச்சா?"

"ஆமாடா, பெருங்காயம் போட்டிருப்பாங்க. அதான் அப்பா வேணான்னேன்."

"எனக்கு ஆகுற சாப்பாடு ஒரு பந்திலயும் போடமாட்டாங்களா?"

புவனேஷ் பின்கதவைச் சாத்தப் போனபோது, ராமாத்தாள் மூச்சு வாங்கக் கேட்டுக்கு வந்துவிட்டாள். கையில் இன்னும் நாலு இளநீர். அவற்றை முன்சீட்டில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"எந்தங்கச்சி உள்ள அழுதுகிட்டிருக்கா தம்பி. அவ மேல குத்தமில்ல, சாமி காரியத்துல யார் என்ன செய்யமுடியும்?"

எதற்கு அழுகிறார்கள் என்று கேட்டான் புவனேஷ்.

"பாப்பாவோட வியாதியப் பத்தி நீங்க ஆபீஸ்ல சொல்லுவீங்களாமே, எந்தங்கச்சி புருஷன் ஒண்ணுவிடாம வந்து வீட்டுல சொல்லிருக்காரு. கேசரி அரிசி ரவையில, பாயசம் ஜவ்வரிசியில, சாம்பாருக்குப் பெருங்காயமே இல்ல, சட்டி அடுப்பு எண்ணெ எல்லாம் புதுசு, கோதும மாவு இந்தக் கேட்டத் தாண்டக்கூடாதுன்னு சமையல்காரன்கிட்ட சத்தியம் வாங்கிருந்தா தம்பி... ஊரே உக்காந்து சாப்பிட்டுச்சு, யாருக்காகச் சமைச்சாளோ அந்தப் புள்ளதான் விரதமாப் போச்சு."