பொம்மையின் கையைப் பிடித்த டாக்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் வலி, அத்தானின் ரத்த அழுத்தம், பிள்ளைகளின் பரீட்சை மூன்றும் கட்டுக்குள் இருக்கின்றன என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ தீர்ப்புச் சொல்லிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியின் ஒத்திகைப் பயிற்சிக்கு என்னைத் தலைவராகப் போட்டார்களே, அந்தப் பதவியை வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்யப் போகிறேன். வீட்டில் இவளிடம் இன்னும் சொல்லவில்லை. இவள் ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாயிற்று. நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒத்திகைப் பயிற்சி என்றால், நிஜ நோயாளிக்குப் பதிலாக ஒரு பொம்மையைக் கட்டிலில் போட்டு அவசர சிகிச்சை பழகுவது. சாதாரணப் பொம்மை இல்லை அக்கா. மூச்சு விடும், கண் சிமிட்டும், நாடி துடிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டெக்னீஷியன் மைக்கில் பேசினால் அதன் வாயிலிருந்து குரல் வரும். நர்ஸுகள் அதற்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வந்த முதல் நாளே, பெரியவரைத் தள்ளுவண்டியோடு வராந்தாவில் விட்டுவிட்டு நான் சாவி தேடிப் போன நேரத்தில், யாரையோ பார்க்க வந்த ஒரு அம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறாள். நான் திரும்பி வந்ததும், "ரொம்ப நல்ல மனுஷர் டாக்டர், எல்லாத்தையும் பொறுமையா கேட்டுக்கிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயிருள்ளவர்களிடம்தான் மாட்டிக்கொண்டேன். எலும்பு டாக்டரைப் பயிற்சிக்குக் கூப்பிட்டால், "பொம்மையோட விளையாடற வயசெல்லாம் தாண்டியாச்சு" என்கிறார். அறுவை சிகிச்சைப் பிரிவுத் தலைவர் பெரிய மனசு பண்ணி வந்தார். அவர் கையில் பெரியவர் நாலாவது நிமிஷமே போய்ச் சேர்ந்தார். "பேட்டரி தீர்ந்திருக்கும், பாருங்க" என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவர்தான், இன்றுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள், பெரியவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அவர் சீட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டு, வேண்டுமென்றே நானே பென்சிலின் போடச் சொன்னேன். யாராவது தடுக்கிறார்களா என்று பார்க்கத்தான். மூன்று நர்ஸுகள், இரண்டு இளம் டாக்டர்கள். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை, சமர்த்தாகப் போட்டுவிட்டார்கள்.

"சீட்டைப் பார்க்கலையா?" என்றேன்.

"பார்த்தோம் சார்."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா சொல்லலை?"

"நீங்க சொன்னீங்களே சார்."

யோசித்துப் பார் அக்கா. நிஜக் கட்டிலில் நான் தப்புச் செய்தாலும் இப்படித்தானே நிற்பார்கள்? அன்றே ஒரு சட்டம் போட்டேன்: ஒவ்வொரு பயிற்சியிலும் நான் வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்வேன், கண்டுபிடித்துத் தடுப்பவருக்கு எல்லாரும் கைதட்ட வேண்டும். ஒரு மாதம் ஓடியது. பெரியவர் செத்துச் செத்துப் பிழைத்தாரே தவிர யாருக்கும் வாய் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தலைமை மருத்துவர் அம்மா கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றார். பெரியவருக்கு மாரடைப்பு. டெக்னீஷியன் அன்றைக்கு என்ன நினைத்தானோ, "டாக்டர், எனக்குப் பயமா இருக்கு, விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று மைக்கில் உருகிவிட்டான். நான் என்னையறியாமல் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் இதயம் நின்றது. மார்பை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சிக் கருவியைத் தயார் செய்தார்கள். பெரியவர்தான் பொம்மை, அந்தக் கருவியும் அதிலுள்ள மின்சாரமும் நிஜம். "எல்லாரும் விலகுங்க! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். எல்லாரும் விலகினார்கள். நான் மட்டும் கையைப் பிடித்தபடியே நிற்கிறேன்.

"சார், கையை எடுங்க!" என்று ஒரு குரல். குரல் மட்டுமில்லை, என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. யார் என்கிறாய்? இருபது வருஷ சர்வீஸில் டாக்டர்களிடம் "சரி சார்" தவிர வேறு எதுவும் பேசியறியாத மூத்த நர்ஸ்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சபாஷ்! இதுக்குத்தான் காத்திருந்தேன்!" என்று சிரித்தேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அன்றைக்குச் செய்வதாக நான் எழுதி வைத்திருந்த தப்பே வேறு, அந்தச் சீட்டு என் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. தலைமை மருத்துவர் அம்மா, "பிரமாதமான உத்தி டாக்டர், வெள்ளிக்கிழமை எல்லாப் பிரிவும் கூடுற கூட்டத்துல இதைச் சொல்லுங்க" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் நிஜ வார்டில், நாலாம் கட்டில்காரரின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாம் கட்டில்காரருக்கு மருந்து எழுதப் போனேன். பேனாவைத் திறந்த பிறகு நானாகப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், முந்தின நாள் கதையைக் காதால் மட்டும் கேட்டவள், புன்னகையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, தெரியலையா?" என்றால், "தெரிஞ்சுது சார். டெஸ்ட் வைக்கிறீங்கன்னு நினைச்சேன்" என்கிறாள். ஐந்தாம் கட்டில்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார் அக்கா. எனக்குத் தலை நிமிரவில்லை. நான் சொன்ன ஒரு பொய்யால், இனி இந்த ஆஸ்பத்திரியில் என் தப்பு எதையும் யாரும் தப்பு என்று நம்பமாட்டார்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லிவிட்டு, ராஜினாமாவையும் நீட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். நீ மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி, ஒத்திகைப் பயிற்சித் தலைவர் (வெள்ளி வரை)

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. இவளிடம் எதுவும் சொல்லிவிடாதே. கூட்டத்தில் எழுந்து, "அன்னிக்கு நான் நடிக்கலை, நிஜமாவே மறந்துட்டேன்" என்றேன். குண்டு போட்ட மாதிரி இருக்கும் என்று பார்த்தால், அன்றைக்குப் பயிற்சியில் இருந்த ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியமே இல்லை. மூத்த நர்ஸ் எழுந்து, "அது அப்பவே அங்க நின்ன எங்க எல்லாருக்கும் தெரியும் சார். உங்க கையைப் பிடிச்சு இழுத்தேனே, ஜில்லுன்னு நடுங்கிட்டிருந்தது" என்றார். "பின்னே எதுக்கும்மா கைதட்டினீங்க?" என்று கேட்டேன். "இருபது வருஷத்துல முதல் தடவையா ஒரு டாக்டரை நிறுத்தச் சொன்னேன். அவரும் நிறுத்தினாரு. அதுக்குத்தான் சார்." ராஜினாமாவை நாலாகக் கிழித்துப் போட்டேன். வேண்டுமென்றே தப்புச் செய்யும் சட்டத்தையும் அன்றோடு ரத்து செய்துவிட்டேன். தானாக வருவதே தாராளமாக இருக்கிறது.