மாமாவை இறங்கச் சொல்லாதவன்

கார் அகலமாகத் தெரிந்தால் மாமன் மகள் திரும்பிப் பார்ப்பாள் என்று ஒரு மடையன் நம்பினான். (வேறு யார், நான்தான்.) எழுபதுகளின் தொடக்கம். தருமபுரியில் என்னிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. மாரண்டஹள்ளியில் மல்லிகா இருந்தாள். அவளிடம் பேச வாய் வராததால் காரை அழகுபடுத்தினேன்.

சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேசர் என்று ஓர் இரும்புத் தகடு வைத்தால் டயர் வெளியே தள்ளி நிற்கும். வண்டி நெஞ்சை நிமிர்த்திய மாதிரி இருக்கும். லேத் பட்டறை ரஹீம் பாய் பின்சக்கரங்களுக்குக் கடைந்து கொடுத்தார்.

"தம்பி, ஆளுங்கள ஏத்தி ஒரு பள்ளத்துல எறக்கிப் பாருங்க. மட்கார்டுல உரசுச்சுன்னா கொண்டாங்க, தகட்ட மெலிசாக்கித் தரேன்."

ஏற்ற ஆளுக்கு எங்கே போவது? தனியாகவே கடைவீதியை இரண்டு சுற்று சுற்றினேன். உரசவில்லை. பாய்க்கு ரொம்பத்தான் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மாமா குடும்பத்தை ஒகேனக்கல்லுக்கு நானே வலியப் போய் அழைத்தேன். அருவிக்கரையில் மாமாவிடம் பெண் கேட்டுவிடுவது என்று திட்டம். மல்லிகாவுக்கென்று துடைத்து வைத்த முன்சீட்டில் அத்தை புளிச்சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்தாள். மாமா தக்காளி வியாபாரி. இரண்டு மூட்டை கனம் இருப்பார். அவர் பின்சீட்டில் இடப்பக்கம் சாய்ந்துகொள்ள, மல்லிகாவும் அவள் தம்பிகள் இருவரும் மிச்சமிருந்த இடத்தில் ஒடுங்கினார்கள்.

பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் திரும்பியதும் சர்ர்ரென்று சத்தம். ரப்பர் கருகும் நாற்றம்.

"என்னமோ தீயுதே" என்றார் மாமா.

"என் சோறு இல்லீங்க" என்று அத்தை தூக்கை அணைத்துக்கொண்டாள்.

இறங்கிப் பார்த்தேன். மாமா இருந்த பக்கத்து டயரை மட்கார்டு சீவிக்கொண்டிருந்தது. அவர் ஒருவர் இறங்கினால் போதும். ஆனால் பெண் கேட்கப் போகிற மனுஷரிடம் 'நீங்க கனம், எறங்குங்க' என்று எப்படிச் சொல்வது?

"மல்லிகா, இந்த வளைவு வரைக்கும் நீ கொஞ்சம் நடக்கறயா?" என்றேன்.

யாருக்காக ஸ்பேசர் போட்டேனோ, அவளைத்தான் முதலில் இறக்கிவிட்டேன். உரசல் நிற்கவில்லை. தம்பிகளை இறக்கினேன். அத்தையைத் தூக்கோடு இறக்கினேன். குடும்பமே வெயிலில் நடந்து வர, மாமா மட்டும் பின்சீட்டில் மகாராஜாவாகக் கண்ணயர்ந்திருந்தார். அடுத்த பள்ளத்தில் டயர் வெடித்தது.

பின்னால் வந்த பஸ்ஸில் எல்லோரும் ஏறிப் போனார்கள். ஜன்னலோரம் இருந்த மல்லிகா திரும்பிப் பார்த்தாள். (கார் அகலத்தை அல்ல.) ஸ்பேசர்களைக் கழற்ற அரைமணி ஆகவில்லை; அழகு போய்விடுமே என்றுதான் அதுவரை கழற்றாமல் இருந்தேன். வெடித்த டயருக்கு மாற்று தேடிப் பென்னாகரம் போய் வந்து, சாயங்காலம் நான் அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். அப்புறம் மாமா முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. தை மாதம் அவளை ஓசூரில் கட்டிக் கொடுத்தார்கள். பந்தியில் நான் பாயசம் ஊற்றினேன்.

சில வருஷம் கழித்து அவள் தம்பி கல்யாணம். மல்லிகாவின் கணவர் முகூர்த்தம் முடிந்ததுமே வேலைக்குத் திரும்பியிருந்தார். அவளைப் பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றேன்.

"ஏறாதக்கா, நடக்க வெச்சிருவாரு" என்றான் தம்பி. பந்தலே சிரித்தது. அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கார் நகர்ந்ததும் சொன்னாள்: "எங்கப்பாவ எறங்குங்கன்னு சொல்லவே உங்களுக்கு வாய் வரல. பொண்ணக் குடுங்கன்னு எங்க கேக்கப் போறீங்க, மச்சான்? நானும் தை மாசம் வரைக்கும் பாத்தேன்."

பஸ் ஸ்டாண்டு ஒரு மைல்தான். முடிந்த மட்டும் மெதுவாக ஓட்டினேன். டயர் உரசும் பயத்தில் அன்று ஊர்ந்து போனேன் என்று எங்கள் குடும்ப விசேஷங்களில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆமாம், அந்தப் பயம்தான் என்று நானும் சொல்லிவிடுவேன்.