ஒல்லாந்தப் படைக்குக் கிடைத்த குடில் பரிசு

மன்னார் தீவு,
மார்கழி (டிசம்பர்) 22, திங்கட்கிழமை.

என் அன்புக்கும் மதிப்புக்குமுரிய மச்சான் யோசேப்பு அவர்கள் அறிவது,

மடுமாதாவின் புண்ணியத்தில் தாங்களும் வீட்டாரும் வெள்ளாங்குளத்தில் நலமாயிருக்க வேண்டுமென்று மன்றாடி, உங்கள் தங்கையின் கணவன் அமிர்தநாயகம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நலம். பதினாறு நாளாகக் கடைப் பாணும் சம்பலும் தின்கிறவனுக்கு எவ்வளவு நலம் இருக்குமோ அவ்வளவு நலம். உங்கள் தங்கை மார்த்தா உங்கள் வீட்டுக்கு வந்தும் பதினாறு நாள் ஆகிறது. அலுமாரிக் கதையை மட்டும் அவள் சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன். ஏனென்றால் நாளைமறுநாள் பஸ்ஸில் அவள் திரும்பி வருவதாக இருக்கிறாள், அவள் பஸ் ஏறுவதற்கு முன் நீங்கள் அவளிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. போனில் உங்களைப் பிடிக்கலாமென்றால் உங்கள் வீட்டுப் போனையும் அவள்தான் எடுக்கிறாள்.

நில அளவைக் கந்தோரில் முப்பத்திரண்டு வருசம் படம் கீறிவிட்டு ஓய்வு பெற்றவனுக்குக் கை சும்மா இருக்குமோ? ஒருநாள் போனில் ஒரு வெள்ளைக்காரன் பழைய சண்டையொன்றை, வீடு, வேலி, பாலம், ஆள், குதிரை எல்லாம் மரத்தில் சின்னஞ் சிறிதாகச் செய்து மேசையில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தேன். அன்று பிடித்த பைத்தியம். எந்தச் சண்டையைச் செய்வது என்று ஒரு கிழமை யோசித்தேன். கிட்டடியில் நடந்த சண்டை ஒன்றும் வேண்டாம், யாராவது வந்து அழுவார்கள், இல்லாவிட்டால் யாராவது வந்து விசாரிப்பார்கள். ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டில் ஒல்லாந்தர் வந்து போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையைப் பிடித்த சண்டையென்றால் செத்தவனுக்காகவும் கொன்றவனுக்காகவும் கோபப்பட இப்போது ஆளில்லை. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, ஓர் ஆள் ஓரங்குலம். கடையில் வாங்கியது பசையும் பெயின்றும்தான், மற்றதெல்லாம் என் கை. ஈர்க்கைச் சீவிக் காவல் வேலி, ஐஸ்கிறீம் குச்சியைப் பிளந்து கூரை, நூலை இழுத்தால் ஏறி இறங்குகிற தூக்குப்பாலம், வேப்பங்குச்சியில் செதுக்கிய சிப்பாய்மார் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

படைவீட்டுக்கும் காவற்கோபுரத்துக்கும்தான் பலகை சரிவரவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஹாட்வெயார் வைத்திருக்கிற பவ்ஸானிடம் கேட்டால் எல்லாம் தடித்த பலகை, பிளந்தால் சிம்பு சிம்பாய்ப் போகிறது. அப்போதுதான் அலுமாரி கண்ணில் பட்டது, எங்கள் கலியாணத்துக்கு நீங்கள் சீதனமாகத் தந்த அதே அலுமாரி. முன்பக்கத்தை நான் தொடவில்லை மச்சான், அது சத்தியம். பின்பலகை சுவரைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறது, அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கழற்றினேன். நானும் பார்க்கவில்லை, மார்த்தாவும் பார்க்கவில்லை, எலி பார்த்துவிட்டது. அவளுடைய கலியாணச் சேலைக்குள் போய்க் குட்டி போட்டுவிட்டது.

நான் எதிர்பார்த்தது ஏச்சு. அவள் ஏசவில்லை. சேலையை உதறிக் கொடியில் போட்டாள், பையில் நாலு உடுப்பை வைத்தாள், விறாந்தைக்கு வந்தாள். வருசா வருசம் நத்தாருக்குப் பாலன் யேசு பிறந்த கொட்டிலைச் செய்து நாங்கள் குடில் வைக்கிற மூலையில்தான் என் மேசை. அதைப் பார்த்துக்கொண்டு நின்று சொன்னாள்:

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடினனான். நாலு வருசம் இந்தியாவில அகதி முகாமில இருந்திட்டு வந்தனான். நீங்கள் இருநூறு பேரைத் துவக்கோட கூட்டிக்கொண்டு வந்து என்ர விறாந்தையில நிப்பாட்டியிருக்கிறியள். அந்த மூலையில பாலன்ர குடில் வந்தா நான் வாறன்."

அவை ஒல்லாந்துக்காரரின் துவக்கு, சுட்டாலும் வெடிக்காது என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் ஓட்டோ வந்துவிட்டது.

நத்தாருக்கு முந்தின கிழமை எங்கள் கோயில் பங்கில் வீடு வீடாகக் குடில் பார்த்துப் புள்ளி போட வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் நினைவில் இல்லை. நான் சாரத்தோடு இருந்து ஒல்லாந்தத் தளபதியின் முறிந்த காலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன், வாயில் பசைத் தூரிகை, துசாந்தினி ரீச்சர் இரண்டு இளையோரோடு வந்து நிற்கிறார். பாலனைக் கொல்லத் தேடிய ஏரோதின் அரண்மனையோ என்று கேட்டார். நான் தூரிகையை வாயிலிருந்து எடுப்பதற்குள் ஓம் என்று அவரே எழுதிவிட்டார். தொப்பியில் இறகு குத்திய தளபதியும் அவனுடைய இரண்டு அதிகாரிகளும் மூன்று ராசாக்கள் ஆனார்கள். இடையரைக் காணவில்லையே என்று ஒரு பிள்ளை கேட்க, அகழிக் கரையில் செத்துக் கிடந்த போர்த்துக்கேயரைக் காட்டி, அவர்கள் நித்திரை, வானத்துச் சம்மனசு இனித்தான் வந்து எழுப்பும் என்று ரீச்சர் விளங்கப்படுத்தினார். பீரங்கியைக் கண்டு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு புதுமைக்குப் பத்துக்குப் பத்துப் போட்டார். பாலன் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தால் எல்லாம் வெளிவந்திருக்கும். நடுச்சாமப் பூசைக்குத்தானே நாங்கள் பாலனை வைக்கிறது, அந்த வழக்கத்தால் ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ரீச்சர் தூக்குப்பாலத்தின் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, இப்படியொரு மரவேலையைத் தன் சீவியத்தில் கண்டதில்லை என்றார். ஆறு மாதமாக அந்தப் பாலத்தை என்னைத் தவிர ஒருவரும் இழுத்துப் பார்க்கவில்லை மச்சான். வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று ஞாயிறு பூசை முடிய, முதற்பரிசு அமிர்தநாயகம் வீட்டுக் குடிலுக்கு என்று பங்குச் சுவாமி அறிவித்தார். சனம் கைதட்டியது. திரும்பி வரும்போது பவ்ஸான் கடை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், பீரங்கிக்குக் குழாய் வெட்டித் தந்தவனே அவன்தான். "உங்கட கோயில் ஆக்களுக்கே தெரியேல்லையெண்டா நான் என்னத்தச் சொல்ல அண்ணன்" என்றான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முன் போன் அடித்தது. மார்த்தா. குடில் வைத்துவிட்டீர்களாம், பரிசும் கிடைத்ததாம், புதன்கிழமை வாறன் என்றாள். பதினைந்து நாளுக்குப் பிறகு அந்தக் குரல். நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டவன் நான்தான், அது குடைகிறது என்று இப்போது யாரிடம் சொல்ல?

உண்மையாகவே குடிலாக்கிவிடலாம் என்று நேற்றுப் பின்னேரம் பெட்டியைத் திறந்து எங்கட வீட்டுச் சுரூபங்களை எடுத்து வைச்சுப் பார்த்தேன். மாதா ஓரடி உயரம், சிப்பாய் ஓரங்குலம். மாதா கோட்டை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறா, ஒல்லாந்தப் படை முழுக்க அவவைக் கண்டு தறிகெட்டு ஓடுகிற மாதிரிக் கிடக்கு. சூசையப்பர் அகழிக்குள்ள ஒரு காலும் வெளியில ஒரு காலுமாய் நிக்கிறார். ஆட்டை வைக்க, அது இடித்துப் படைவீட்டின் கூரை பெயர்ந்து போச்சு. எல்லாவற்றையும் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஆகையால் மச்சான், நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேணும். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கோ, மீன் வெட்டுகிற நேரம் வேண்டாம். அது குடில் இல்லை, கோட்டைதான், உன் புருசன் திருந்தவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றது மட்டும்தான் அவன் செய்த வேலை என்று சொல்லுங்கோ. பரிசைச் சுவாமியிடம் திருப்பிக் கொடுக்கிறேன். அலுமாரிக்குப் பலகை அடிக்கிறேன். அவள் கேட்டால் கோட்டையையும் கழற்றுகிறேன், கழற்றும்போது ஒருவரும் பக்கத்தில் நில்லாமல் இருந்தால் நல்லது. அவள் இல்லாத நத்தார் எனக்கு வேண்டாம். வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவனாவது சாப்பிட்டியளோ என்று கேட்கிறானில்லை.

பிறக்கப்போகிற பாலன் உங்கள் வீட்டுக்குச் சமாதானம் கொண்டுவரட்டும், அதில் கொஞ்சம் மிஞ்சினால் தீவுப் பக்கமும் அனுப்பி வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை இன்னும் நம்பியிருக்கும்,
அமிர்தநாயகம்.

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): மேலே எழுதிய ஒன்றையும் மார்த்தாவிடம் சொல்ல வேண்டாம். கடிதத்தைக் கொண்டக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று இன்று காலை மன்னார் பஸ் நிலையத்தில் காத்து நின்றேன். உங்கள் பக்கத்து பஸ் வந்தது, அதிலிருந்து மார்த்தா இறங்கினாள். நீங்கள் ஏற்றிவிட்டது உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. நேற்று துசாந்தினி ரீச்சர் அவளைப் போனில் வாழ்த்தும்போது, உங்கட மூன்று ராசாக்களும் ஏன் துவக்கோட நிக்கினம் என்று கேட்டாராம், அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டதாம். வீட்டுக்கு வந்தவள் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"சண்டையெண்டு செய்திருக்கிறியள், சனம் எங்க?" என்று கேட்டாள்.

தூக்குப்பாலத்தில் எத்தனை பலகை என்று எனக்குப் பாடம். கோட்டைக்குப் பக்கத்தில் சனம் இருந்திருக்கும் என்று ஆறு மாதத்தில் ஒருநாளும் நினைக்கவில்லை. வெட்கமாயிருந்தது மச்சான். அவள் கோதுமை மாவைக் குழைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மத்தியானம் சமையல் இல்லை, திரும்பவும் பாண்தான், இந்த முறை இரண்டு பேருக்கு. பின்னேரத்துக்குள் தலையில் பெட்டியோடு ஒரு பெண், கக்கத்தில் கோழியோடு ஒரு கிழவர், பிள்ளையைத் தோளில் போட்டவர்கள், எல்லாரும் கடற்கரையைப் பார்த்து ஓடுகிறார்கள். நான் ஒரு வள்ளம் செய்து கொடுத்தேன். அதன் நடுவில் மாதாவையும் சூசையப்பரையும் ஓரங்குலத்தில் செய்து இருத்தினாள், பாலனுக்கு நாளைவரை இடம் விட்டிருக்கிறாள். "ஏரோதுக்குப் பயந்து அவையும் ஓடினவைதானே, எங்களை மாதிரி" என்றாள். ஆகவே குடில் குடில்தான், பரிசு பரிசுதான், ரீச்சர் போட்ட புள்ளி எல்லாம் சரி.

வள்ளத்தில் இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள், தொண்ணூறில் உங்களோடும் அவளோடும் கடல் தாண்டியவர்கள் அவ்வளவு பேராம். அன்று கடல் கொந்தளித்தபோது எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தது நீங்கள்தான் என்று என் கலியாண நாளிலிருந்து சொல்லி வருகிறீர்கள், நானும் நம்பித்தான் இருந்தேன். வள்ளத்து விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் ஓங்காளித்துச் சத்தியெடுக்கிற ஓர் உருவம் இருக்கிறது. யாரென்று கேட்டேன், நீங்களாம். ஆட்சேபனை இருந்தால் மா காய முன்னம் வாங்கோ.